பேச்சுப் பயிற்சி ஊருக்குள் வரவேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறும் தாய்மார்கள், பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சியாளர் என்பவர் என்ன செய்கிறார்? பேசச் சொல்லிக் கொடுப்பவரா?

அது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். ஸ்பீச் தெரபிஸ்ட் என்று மருத்துவமனையில் அழைக்கப்படுபவர் பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகிய நான்கையும் கவனிக்கிறார். நம் நாட்டில் பெரும்பாலும் இதே படிப்பில் செவித்திறன் பரிசோதனையும் சேர்ந்தே வருவதால், காது கேட்கிறதா என்று பார்ப்பதும் காதொலிக் கருவி பொருத்துவதும்கூட அவர் வேலைதான். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குப் பால் குடிக்க முடியவில்லை என்றாலும், எண்பது வயதுப் பாட்டிக்குக் கஞ்சி புரையேறுகிறது என்றாலும் அவரிடம் போகலாம். இது பலருக்குத் தெரியாது. மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டுமே தேவைப்படும் ஆள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அதனால் விழுங்க முடியாமல் அவதிப்படும் முதியவரை யாரும் அழைத்து வருவதில்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்படி ஒருவர் இருக்கிறாரா?

பெரும்பாலும் இருக்க மாட்டார். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. அங்கே மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் இருப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளர் இருப்பது மாவட்ட அளவில்தான்.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று, பிறப்பு முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அந்தக் குழு பார்க்கும். சந்தேகம் உள்ள குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். ஊழியர்கள் அதை டி.இ.ஐ.சி. என்றே சொல்வார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோருடன் பேச்சுப் பயிற்சியாளரும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். அங்கே கட்டணம் கிடையாது.

மாவட்டத்தில் இருக்கிறாரே, அது போதாதா?

போதாது. பேச்சுப் பயிற்சி ஒரே நாளில் முடிகிற அறுவை சிகிச்சை போன்றதன்று. வாரம் ஒரு முறையோ இரு முறையோ, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வரும் தாய் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, வரிசையில் காத்திருந்து, முக்கால் மணி நேரப் பயிற்சியை முடித்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அன்றைய கூலி போயிற்று. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை. மாமியார் முணுமுணுக்கிறார். முதல் மாதம் நான்கு முறை வருபவர் மூன்றாவது மாதம் ஒரு முறை வருவார், பிறகு வரமாட்டார். கோப்பில் ‘பெற்றோர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்படும். அந்த வாக்கியம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ஒத்துழைக்காதது பெற்றோர் அல்லர், தூரம்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் இலவசப் பயணம் உண்டு. அது நல்ல உதவி. ஆனால் டிக்கெட் காசு மிஞ்சினாலும் இழந்த நாள் திரும்புவதில்லை. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளராவது வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஊருக்குள் வந்து செய்யும் வேலை, மருத்துவமனை அறையில் செய்யும் வேலையிலிருந்து எப்படி மாறுபடும்?

அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் நோய் தெரிந்தபின் ஆட்கள் வருகிறார்கள். ஊருக்குள் இருப்பவர் அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு முறை வருகிறார்கள். பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் அடுத்த ஊசிக்கு வருகிறார்கள். குழந்தை மழலையில் சத்தமிடுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, சொற்கள் வருகின்றனவா என்று பார்க்க இந்த இரண்டு வயதுகளைவிடப் பொருத்தமான நேரம் வேறில்லை. வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் தாயிடம் நான்கு கேள்விகள் கேட்டாலே பல குழந்தைகளை ஓராண்டு முன்னதாகக் கண்டறிந்துவிடலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ தேவையில்லை. செவிலியருக்குக் கேள்விகளைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும், அவர் சந்தேகப்படும் குழந்தையை அதே வாரத்தில் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் சமூக அளவில் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர்.

பிறகு வீட்டுக்குப் போவார். வீட்டைப் பார்த்தால்தான் குழந்தையோடு யார் பேசுகிறார்கள், எப்போது பேசுகிறார்கள், தொலைக்காட்சி எவ்வளவு நேரம் ஓடுகிறது, தாத்தாவுக்குக் காது கேட்கிறதா என்பதெல்லாம் தெரியும். மருத்துவமனை மேசையில் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்த ‘பசு’ என்ற சொல்லை, வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் பசுவைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவோ எளிது.

எந்த வயதில் குழந்தை என்ன பேச வேண்டும்?

ஆறு மாதத்தை ஒட்டி ‘பபப’, ‘மமம’ போன்ற மழலை தொடங்கும். ஓராண்டில் பொருளோடு ஒன்றிரண்டு சொற்கள் வரும், பெயரைக் கூப்பிட்டால் திரும்பும், வேண்டியதை விரலால் சுட்டும். ஒன்றரை வயதில் பத்துச் சொற்களாவது இருக்க வேண்டும். இரண்டு வயதில் ‘பந்து தா’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் குழந்தை பேசுவதில் பெரும்பகுதி வெளியாளுக்கும் புரிய வேண்டும்.

குழந்தைக்குக் குழந்தை ஒரு மாதம், இரண்டு மாதம் முன்பின் இருக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களில் காத்திருக்கவே கூடாது: ஓராண்டாகியும் மழலையே இல்லை, ஒன்றரை வயதாகியும் சுட்டிக் காட்டுவதில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

‘ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்’ என்கிறார்கள். உண்மையா?

பெண் குழந்தைகள் சராசரியாகச் சற்று முந்துவது உண்மை. அந்த வித்தியாசம் சில வாரங்கள், போனால் ஓரிரு மாதங்கள். இரண்டு வயதில் ஒரு சொல்கூட இல்லாததை அது விளக்காது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதல் தரும் செய்தியும் அன்று. குடும்பத்தில் பேச்சுத் தாமதம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போனது ஒரு நாள்தான். காட்டாமல் விட்டு, காது கேட்கவில்லை என்று நான்கு வயதில் தெரிந்தால் மொழி பதியும் மிக நல்ல காலம் போய்விட்டிருக்கும்.

தட்டு விழுந்தால் திரும்புகிறான். காது நன்றாகத்தானே கேட்கிறது?

இதை நம்பி ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் விழும் சத்தம் மிகப் பலமானது. நடுத்தர அளவில் செவித்திறன் குறைந்த குழந்தையும் அதற்குத் திரும்பும். தரை அதிர்வை உணர்ந்தும் திரும்பும். ஆனால் பேச்சில் உள்ள ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெல்லிய ஒலிகள் அந்தக் குழந்தைக்குக் கேட்காமல் போகலாம். உயிரொலிகள் மட்டும் கேட்கும், மெய்யொலிகள் நழுவிப்போகும். அதனால்தான் பேச்சு வராத ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் வேலையாகச் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். வீட்டில் கைதட்டிப் பார்த்தது பரிசோதனையில் சேராது.

காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பல் முளைக்கிறது, அதனால்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். நடுக்காதுத் தொற்று கேட்கும் திறனைக் குறைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

பிறந்தவுடனேயே காதைச் சோதிக்க முடியுமா?

முடியும். ஓ.ஏ.இ. என்ற சோதனையில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனை ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வலிக்காது. அதில் தேறாத குழந்தைக்கு மறுபடி சோதனை, பிறகு மூளைக்குச் செல்லும் செவி நரம்பின் பதிலை அளக்கும் பெரா சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு.

பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவில் இருந்தவர்கள், எடை மிகக் குறைவாகப் பிறந்தவர்கள், கடுமையான மஞ்சள் காமாலை வந்தவர்கள், மூளைக்காய்ச்சல் கண்டவர்கள், நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைகள், குடும்பத்தில் காது கேளாதவர் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. அக்காள் மகளை, மாமன் மகளை மணக்கும் வழக்கம் இன்னும் உள்ள பகுதிகளில் செவிலியரின் பதிவேட்டில் இந்த ஒரு தகவல் இருந்தாலே பெரிய உதவி.

கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் காது கேளாமை வரலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது பல வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. அந்த ஊசி காது கேளாமையையும் தடுக்கிறது என்பதை அன்று இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்று பாட்டி சொல்கிறார். காதில் எண்ணெய் விடலாமா?

பாட்டி அக்கறையோடுதான் சொல்கிறார், அவரை எதிர்த்துப் பேசிச் சண்டை வளர்க்க வேண்டாம். ஆனால் வசம்பு பேச்சைக் கொண்டுவராது. பேச்சு தாமதமாவதற்குக் காரணம் நாக்கின் மேற்பரப்பில் இல்லை. பச்சிளங்குழந்தையின் வாயில் எதையும் உரசி வைப்பதால் தொற்றும் புரையேறலும் வரக்கூடும். கையில் கட்டும் வசம்பு மணிகள் அறுந்து வாய்க்குள் போகலாம்.

காதில் எண்ணெய் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தொற்று உள்ளே போகும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இன்னும் ஆபத்து, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது.

அடுத்து, நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கை. நாக்கு ஒட்டியிருப்பது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தரலாம், சிலருக்கு ஓரிரண்டு ஒலிகள் சரியாக வராமல் இருக்கலாம். குழந்தை பேசவே இல்லை என்றால் காரணம் அதுவன்று. வெட்டியபின் ஆறு மாதம் காத்திருந்து பார்க்கிறார்கள், அந்த ஆறு மாதமும் வீண்.

உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடுமா?

வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் கருவி ஏழைக் குழந்தைக்கும் கிடைப்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் கருவி ஒலியைத்தான் தருகிறது. அந்த ஒலியில் அம்மாவின் குரல் எது, மோட்டார் சத்தம் எது, ‘பால்’ எது, ‘கால்’ எது என்று பிரித்தறிய மூளை புதிதாகக் கற்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஓராண்டு, பலருக்கு அதற்கும் மேல், விடாத பயிற்சி வேண்டும்.

பயிற்சி மையம் தொலைவில் இருந்தால் இங்கேதான் சங்கிலி அறுகிறது. கருவி பழுதானால், ஒயர் அறுந்தால், பேட்டரி தீர்ந்தால் குழந்தை மீண்டும் அமைதிக்குள் போய்விடும். பெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்ட கருவி யாருக்கும் பயன்படாது. ஒன்றியத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் கருவி வேலை செய்கிறதா என்று வாரந்தோறும் பார்ப்பார். அரசு செலவிட்ட பெருந்தொகையைக் காப்பாற்ற அவருடைய சம்பளம் எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நிறைய. உண்மையில் பயிற்சியின் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் நடக்கிறது.

குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நாய்க்குட்டியைப் பார்க்கும் குழந்தையைத் திருப்பி, அட்டையில் உள்ள யானையைக் காட்டாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். குழந்தை ‘தா’ என்றால் ‘பந்து தா’ என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று நச்சரிக்க வேண்டாம். ஒன்றைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு மிகக் கடினமானது இந்தக் காத்திருப்புதான். குழந்தை வாய் திறப்பதற்குள் நாமே பதில் சொல்லிவிடுகிறோம்.

விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து ஆளுக்கொரு வாய் கொடுத்து, கையில் நண்டு ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். மொழி வளர்ச்சிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது: முகம் பார்த்தல், முறை மாற்றிக் கொள்ளுதல், ஒரே சொற்கள் திரும்ப வருதல், அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு. நண்டு முழங்கையைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். ‘இன்னும்’ என்று ஒரு சத்தமோ ஒரு பார்வையோ வரும். அது வந்த பிறகு தொடருங்கள். குழந்தை கேட்டது, கிடைத்தது என்ற அனுபவம் பேச்சுக்கு மிக நல்ல தூண்டுதல்.

சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் கடைக்குப் போகும்போதும் செய்தால் இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய் வரும் தாயிடம் ‘தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பயிற்சி கொடுங்கள்’ என்று எழுதித் தருவது அவர் வாழ்க்கையைப் பார்க்காமல் எழுதும் சீட்டு.

செல்போன் பார்ப்பதால்தான் பேச்சு வரவில்லையா?

செல்போன் மட்டுமே காரணம் என்று சொல்லி அனுப்பிவிடுவது தவறு, அதன் பின்னால் காது கேளாமையோ ஆட்டிசமோ ஒளிந்திருக்கலாம். ஆனால் போன் பதில் பேசாது, காத்திருக்காது. இரண்டு வயதுக்குள் வேண்டாம். அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். இதனால் குழப்பமாகிப் பேச்சு தாமதமாகிறதா?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள், கிருஷ்ணகிரி எல்லையில் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் எனத் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இரண்டு மூன்று மொழியில் வளர்ந்திருக்கிறார்கள். எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்ச வருமோ, கோபித்துக்கொள்ள வருமோ, கதை சொல்ல வருமோ, அந்த மொழியிலேயே பேசுங்கள். பள்ளிக்காக வீட்டு மொழியை விட்டு, தமக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் இரண்டு வயதுக் குழந்தையோடு பேசச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள்.

வட்டார வழக்கையும் குறையாகப் பார்க்க வேண்டாம். ‘பழம்’ என்பதை ஊரே ‘பளம்’ என்று சொல்லும்போது குழந்தை அப்படித்தான் சொல்லும். ர, ற, ழ போன்ற ஒலிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் தாமதமாகவே வரும்.

திக்குகிறது. ‘நிதானமாகப் பேசு’ என்று சொல்லலாமா?

வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் ஐந்து குழந்தைகளுக்குத் திக்கல் வருகிறது. பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். திருத்தினால் குழந்தைக்கு வெட்கம்தான் வளரும். முகத்தைப் பார்த்து, சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகத்தைச் சுளித்து வலிந்து பேசினாலோ, பேசுவதையே தவிர்த்தாலோ பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பள்ளியில் கேலி நடந்தால் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், அது பயிற்சியைப் போலவே முக்கியம்.

உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு? அது அறுவை சிகிச்சைதானே?

சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்தால் வந்தது என்று தாயைக் குற்றம் சொல்லும் வீடுகளில் முதல் வேலை அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்வது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. எடை ஏறாவிட்டால் அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, நம் வீட்டுப் பாலாடைச் சங்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும் அண்ணத்துக்கு ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திலும் அறுவை சிகிச்சை நடக்கும். அதன் பிறகு மூக்கால் பேசும் பழக்கம் நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள மீண்டும் பயிற்சியாளர் வேண்டும்.

பக்கவாதம் வந்த என் தந்தைக்குச் சாப்பாடு புரையேறுகிறது. என்ன செய்வது?

பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். பலருக்குக் குணமாகும், சிலருக்கு நீடிக்கும். உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவர் சில வாரங்களில் ‘சளி, காய்ச்சல்’ என்று இறந்துபோவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு பகுதி விழுங்கும் கோளாறால் நேர்ந்தவை, தவிர்த்திருக்கக் கூடியவை.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தங்குவது, அடிக்கடி காய்ச்சல், எடை குறைவது ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். ஆகவே இருமவில்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது.

படுத்தபடி ஊட்டக் கூடாது. நேராக உட்கார வையுங்கள். கட்டிலில்தான் முடியும் என்றால் முதுகுக்குத் தலையணைகள் அண்டை கொடுத்து, தலை சற்றுக் குனிந்திருக்கும்படி பாருங்கள். சிறு கரண்டியால், ஒரு வாய் முழுவதும் இறங்கியபின் அடுத்த வாய். செயலிழந்த பக்கத்தில் வைக்காமல் நன்றாக உள்ள பக்கத்தில் வையுங்கள். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள், வாயில் உள்ள கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

‘தண்ணீர்தானே, எளிதாக இறங்கும்’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்குத் தண்ணீர்தான் மிகக் கடினம், ஏனெனில் அது தொண்டை தயாராகும் முன் வழிந்துவிடும். கூழ், கெட்டியான கஞ்சி, குழைந்த சோறு இவை சிலருக்குப் பாதுகாப்பாக இருக்கும். யாருக்கு எவ்வளவு கெட்டி என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூக்கு வழிக் குழாய் போட்டு அனுப்பியிருந்தால் நீங்களாக அகற்றிவிடாதீர்கள். ஆனால் எப்போது எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்க ஆளில்லாததால் மாதக்கணக்கில் குழாயோடு இருப்பவர்கள் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இயன்முறை மருத்துவர் வருகிறார், வலி தணிப்புச் சிகிச்சை வருகிறது. கை கால் அசைவதற்கு வீடு தேடி ஆள் வரும்போது, விழுங்கவும் பேசவும் அதே வண்டியில் இன்னொருவர் வருவது பெரிய கோரிக்கை அன்று.

அவருக்கு எல்லாம் புரிகிறது, ஆனால் சொல் வரவில்லை. புத்தி போய்விட்டதா?

இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. அறிவு அப்படியே இருக்கும். ‘காபி வேண்டுமா, மோர் வேண்டுமா’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடுங்கள்; பேச வராதவருக்கும் பாட வரலாம். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசுவதை நிறுத்துங்கள். குடும்பத்துக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து நியாயம் சொன்னவர் அவர், அந்த மரியாதை தொடர வேண்டும்.

செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட முடியாதா?

கண்டுபிடிக்கலாம், வீட்டுப் பயிற்சியை நினைவூட்டலாம், தொடர்ந்து பார்க்கலாம். என்ன குறை என்று முடிவு செய்வதும் விழுங்கும் கோளாறுக்கு உணவு நிர்ணயிப்பதும் அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது. ஏற்கெனவே அங்கன்வாடிப் பணியாளர் எத்தனை பதிவேடுகளை எழுதுகிறார் என்று பாருங்கள்.

நன்றாக நடந்த முன்மாதிரிகள் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக ஆரம்பநிலைப் பயிற்சியைக் கொண்டு செல்கிறது; அவர்களுக்குப் பின்னால் துறை வல்லுநர்கள் நிற்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், கிராமப் பணியாளர்களை வைத்துக் குழந்தைகளின் காதைச் சோதித்து, சந்தேகமுள்ளவர்களுக்குத் தொலைவிலிருந்தே பெரா போன்ற சோதனையைச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து பார்த்தால், பிரேசில் 2008இல் குடும்ப நலக் குழுக்களுக்குத் துணைநிற்கும் குழுக்களை அமைத்தபோது அதில் சேர்க்கத்தக்க தொழில்களில் பேச்சுப் பயிற்சியையும் வைத்தது. நம்மால் முடியாதது எதுவும் அங்கே இல்லை.

தகுதியுள்ள பயிற்சியாளர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓராண்டு நேரடிப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறையின் பழைய கல்விக்கூடங்களில் ஒன்று. சென்னையிலும் கல்லூரிகள் உள்ளன. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். இத்தனை மாதத்தில் பேசவைத்துவிடுவேன் என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பேச்சுக் குறைபாட்டுக்கு மாற்றுத்திறனாளி அட்டை உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. காது கேளாமை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை அதில் அடக்கம். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காதொலிக் கருவி முதல் பஸ் பயணம் வரை அதை வைத்துத்தான் கிடைக்கிறது.

எங்கள் பகுதிக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டுப் பெற என்ன வழி?

கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பொதுவாக ‘பேச்சுப் பயிற்சி வேண்டும்’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊராட்சியில் இரண்டு வயது தாண்டியும் பேசாத குழந்தைகள் எத்தனை பேர், காதொலிக் கருவியோ காக்ளியர் கருவியோ உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், பக்கவாதத்தில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், இப்போது பயிற்சி கிடைக்கும் இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஸ், ஒரு முறை போய்வர எத்தனை மணி நேரம் என்று எண்ணோடு எழுதுங்கள். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கணக்குத் தருவார்கள். பெயர்களைச் சபையில் வாசிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உடனே நிரந்தரப் பணியிடம் வராது. மாதத்தில் இரண்டு புதன்கிழமை மாவட்ட மையத்திலிருந்து ஒருவர் உங்கள் வட்டார மருத்துவமனைக்கு வரட்டும் என்று கேளுங்கள்; ஏற்கெனவே உள்ள ஆட்களை வைத்தே அதைத் தொடங்க முடியும். அடுத்த சபையில் எத்தனை பேர் வந்து பயன்பெற்றார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் படியுங்கள்.